பதினோரு வயது மகள் லிப்ஸ்டிக் கேட்கிறாள்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. தோழி வைத்திருக்கிறாள் என்று லிப்ஸ்டிக், காம்பாக்ட் பவுடர், ஐலைனர் எல்லாம் கேட்கிறாள். உங்கள் மாமியார், "பெரிய மனுஷி ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். கணவர், "படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று பேச்சை முடித்துவிட்டார். நடுவில் நிற்கும் நீங்கள், "எந்த வயதில் ஆரம்பிக்கலாம், ஒரு வயதைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "அவள் கொஞ்சம் மாநிறம், அதனால்தான் கேட்கிறாளோ என்று மனசு அடித்துக்கொள்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்த வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் வருகிறேன்.

நான் தோல் மருத்துவர். தெற்கே ஒரு நடுத்தர ஊரில் 21 வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். தோலைப் பற்றி இங்கே சொல்வது படித்தது, தினமும் பார்ப்பது. பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சொல்வது ஓர் அம்மாவின் அபிப்பிராயம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

வயதைக் கேட்டீர்கள். மருத்துவத்தில் அப்படி ஒரு வயது கிடையாது. நம் நாட்டுச் சட்டத்திலும், லிப்ஸ்டிக் வாங்க இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. "பிஞ்சுத் தோல், தாங்காது" என்பார்கள். கைக்குழந்தைக்கு அது பொருந்தும். அந்தத் தோல் மெல்லியது, உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம், பூசுவது சுலபமாக உள்ளே இறங்கும். 11 வயதில் அப்படி இல்லை. தோலின் தடுப்புச் சக்தி அந்த வயதுக்குள் பெரியவர்களுடையதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் இந்த வயதில் வேறொன்று நடக்கிறது. எட்டு, ஒன்பது வயதிலிருந்தே அட்ரீனல் சுரப்பி விழித்துக்கொண்டு, முகத்தின் எண்ணெய்ச் சுரப்பிகளை வேலை செய்ய வைக்கிறது. நெற்றியிலும் மூக்கு ஓரத்திலும் சின்னச் சின்னப் பொரி மாதிரி வருவது அதனால்தான். அதன் மேல் தடிமனான கிரீமையும் பவுடரையும் அப்பி, ராத்திரி கழுவாமல் படுத்தால் பரு கூடும். உங்கள் மகள் வயதில் முகத்துக்கு மேக்கப்பால் வரக்கூடிய சாதாரணத் தொந்தரவு இதுதான். கழுவினால், நிறுத்தினால் சரியாகிவிடும்.

மாமியார் சொல்லும் கணக்கையும் பார்ப்போம். நம் வீடுகளில் மேக்கப் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. பிறந்த குழந்தைக்குக் கண்ணுக்கு மை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, குளிப்பாட்டி எடுத்ததும் கழுத்து மடிப்பு வரை பவுடர். அப்புறம் ஏழெட்டு வயதில் திடீரென்று, "இந்த வயசுல என்ன அலங்காரம்" என்று தடை. பிறகு பெண் வயசுக்கு வருகிறாள். ஒன்பது நாளோ பதினோரு நாளோ கழித்து மண்டபம் பிடித்து, பியூட்டி பார்லரிலிருந்து ஆள் வரவழைத்து, கல்யாணப் பெண்ணுக்குப் போடுவது அத்தனையும் அந்தச் சின்ன முகத்தில் போட்டு மேடையில் உட்கார வைக்கிறோம். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு நெற்றியில் பொட்டு பெரிதாக இருந்தால்கூட அதட்டுகிறோம். குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் இதில் எந்த ஒழுங்கும் தெரியாது. முதல் மாதவிடாய் சிலருக்கு ஒன்பது வயதிலேயே வருகிறது, சிலருக்குப் பதினான்கில். அது உடம்பின் கடிகாரம். ஒன்பது வயதில் பெரிய மனுஷி ஆன பிள்ளை இன்னும் நான்காம் வகுப்புப் பிள்ளைதான். அதனால் அந்தக் கணக்கை நான் எல்லைக்கோடாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி கெடுதல். இதில்தான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அம்மாக்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அதனால் கெட்டுப்போன முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பயப்படாமல் அவர்களே வாங்கிக் கொடுத்த ஒன்றினால்தான் கெட்டிருக்கிறது. போன வருடம் பதிமூன்று வயதுப் பெண்ணை அவள் அப்பத்தா கூட்டிக்கொண்டு வந்தார். "பரு போகவே மாட்டேங்குது டாக்டர், வெயில்ல நின்னா மூஞ்சி எரியுதுங்கிறா" என்றார். கன்னம் இரண்டும் சிவந்து, தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, உள்ளே நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிந்தது. தாடையோரம் பூனை முடி அடர்ந்திருந்தது. என்ன போடுகிறாய் என்று கேட்டேன். "ஒண்ணும் போடல, லிப்ஸ்டிக் கூட வாங்கித் தர மாட்டாங்க" என்றது பிள்ளை. கொஞ்ச நேரம் பேசின பிறகு அப்பத்தா தன் மஞ்சள் பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து மேசை மேல் வைத்தார். பாதி தீர்ந்து, அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி வந்திருந்தது. "இது மேக்கப் இல்ல டாக்டர், கலருக்குப் போடுறது, மெடிக்கல்ல குடுத்தாங்க. அவ அம்மாவும் இதான் போடுறா."

அந்த ட்யூபில் இருந்தது மூன்று மருந்துகளின் கலவை. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே மொமெட்டாசோன் என்கிற ஸ்டீராய்டு. மங்கு போன்ற சிலவற்றுக்கு, சில வாரங்களுக்கு மட்டும், டாக்டர் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டியது. முதல் பத்து நாள் முகம் பளிச்சென்று ஆகும், அதில்தான் எல்லோரும் விழுந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் நான் மேலே சொன்னதெல்லாம் வரும். நிறுத்தினால் இன்னும் எரியும், சிவக்கும், பரு கொப்பளிக்கும். அதற்குப் பயந்து மறுபடி அதையே போடுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கென்றே தனிப் பெயர் வைத்து, எங்கள் சங்கம் தனிக் குழு அமைத்துப் போராடும் அளவுக்கு இது பரவிக் கிடக்கிறது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. இருந்தும் இன்னும் கிடைக்கிறது. அந்தப் பிள்ளையின் முகம் ஓரளவு தெளிய எட்டு மாதம் ஆனது. லிப்ஸ்டிக் வேண்டாம் என்று கறாராக இருந்த வீடு அது.

பெயரும் முகவரியும் சரியாக இல்லாத வெள்ளை டப்பா கிரீம்கள் இன்னும் மோசம். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் 2023ல் சிறுநீரில் புரதம் இறங்கும் ஒரு வகைச் சிறுநீரக நோய் வரிசையாகச் சிலருக்கு வந்திருப்பது தெரிந்தது. விசாரித்தபோது பொதுவாக இருந்தது சிவப்பழகு கிரீம். அவர்கள் ரத்தத்திலும் அந்த கிரீமிலும் பாதரசம் இருந்தது. நிறுத்தியதும் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் தேறியது. நம் சட்டப்படி முகத்துக்குப் பூசும் பொருளில் தவறிக் கலந்த பாதரசம்கூட 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த டப்பாக்களில் அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கக்கூடும். ஆகவே நிறத்துக்கென்று விற்கிற எதுவும் உங்கள் மகளுக்கு எந்த வயதிலும் வேண்டாம். எனக்குத் துளியும் சந்தேகம் இல்லாத விஷயம் இது.

கண்மை பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வீட்டில் செய்யும் மை வெறும் கரிதான். அதில் கவலை, விரலின் அழுக்கும் பழசாகிப் போவதும். சுர்மா என்று விற்கிற கல் மை வேறு. பழைய முறைப்படி அது ஈயம் கலந்த கல்லை அரைத்துச் செய்வது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. கண்ணைக் கசக்கி, அந்த விரலை வாயில் வைக்கிற வயதில் ஆபத்து அதிகம். கைக்குழந்தைக்குக் கண்ணுக்குள் மை இழுப்பதை அறவே விட்டுவிடச் சொல்வேன், கண்ணீர்ப் பாதை அடைத்து, பீளை கட்டி வரும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். திருஷ்டிப் பொட்டு வைக்க ஆசையென்றால் உள்ளங்காலில் வையுங்கள். 11 வயதுப் பிள்ளைக்கு, தெரிந்த கம்பெனியின் பென்சில் மை, இமைக்கு வெளியே, விசேஷ நாளில் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நாம் மேக்கப் என்றே எண்ணாத சில பொருள்கள் இருக்கின்றன. ஸ்டிக்கர் பொட்டு அதில் ஒன்று. பின்னால் இருக்கும் பசையில் உள்ள ஒரு ரசாயனம் சிலருக்கு நிறமி செல்களையே கொன்றுவிடும். நெற்றி நடுவில் பொட்டு அளவுக்கு வட்டமாக வெள்ளை விழும். எட்டு வயதிலேயே பார்த்திருக்கிறேன். அரிப்போ சிவப்போ தொடங்கினதுமே நிறுத்திவிட்டால் பல சமயம் நிறம் திரும்பும், வருடக்கணக்கில் அதே இடத்தில் ஒட்டினால் திரும்பாமலே போகலாம். ராத்திரி எடுத்துவிட வேண்டும், ஒரே பொட்டைக் கண்ணாடியில் ஒட்டி ஒட்டி வாரக்கணக்கில் வைக்கக் கூடாது. காலுக்கு இடும் செம்பஞ்சுக் குழம்பு என்று இப்போது பாட்டிலில் விற்கும் சாயத்திலும் இதே மாதிரி வெள்ளை விழுவது உண்டு.

இன்னொன்று கறுப்பு மருதாணி. பொருட்காட்சியிலும் திருவிழாக் கடையிலும் பத்து நிமிஷத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று கோன் வைத்து வரைவார்கள். மருதாணி இலை ஒருபோதும் கறுப்பாகப் பிடிக்காது. அரைத்து வைத்து மணிக்கணக்கில் காத்திருந்தால் ஆரஞ்சும் சிவப்புமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். கறுப்பு வருகிறதென்றால் தலைச் சாயத்தில் போடும் பாரா-ஃபெனிலீன்டையமின் கலந்திருக்கிறது. ஒரு தடவை அது பிள்ளையின் உடம்புக்குப் பிடிக்காமல் போய்விட்டால் அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. நாற்பது வயதில் தலைக்குச் சாயம் அடிக்கும்போது முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். கையில் வரைந்த பூ அப்படியே கொப்புளமாக எழும்பி நிற்க, அழுதுகொண்டு வந்த ஒரு சின்னப் பெண்ணின் கையை நான் இன்னும் மறக்கவில்லை. இலை, காம்பு, மொட்டு எல்லாம் நீர் கோத்துத் தெளிவாகத் தெரிந்தது.

இவற்றோடு வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் கேட்ட லிப்ஸ்டிக் எவ்வளவோ சாது. முறையாகத் தயாரித்த லிப்ஸ்டிக்கை எப்போதாவது ஒரு நாள் போடுவதால் கெடுதல் வருவதற்கு ஆதாரம் இல்லை. உதடு வெடித்தால், கறுத்தால், அந்தக் குறிப்பிட்ட ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்துங்கள். நெயில் பாலிஷில் ஒரு விசித்திரம் உண்டு. ஒத்துக்கொள்ளாவிட்டால் நகத்தில் ஒன்றும் தெரியாது, கண் இமை அரித்துத் தடிக்கும். விரல் அடிக்கடி போகும் இடம் அது. இமை அரிப்போடு வரும் பெண்களிடம் நான் முதலில் பார்ப்பது நகத்தைத்தான். காம்பாக்ட் பவுடருக்கு அவசரமே இல்லை. பவுடர் செய்யும் டால்கம் தாதுவோடு சேர்ந்து பூமியில் கிடப்பது ஆஸ்பெஸ்டாஸ் என்கிற, புற்றுநோய் தரும் நார்த் தாது, சுத்தம் செய்யாமல் விட்டால் கூடவே வரும். 2019ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சிறுமிகளுக்கென்றே விற்ற சில மேக்கப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாக எச்சரித்தது. "குழந்தைகளுக்கானது" என்று பெட்டியில் பொம்மைப் படம் போட்டிருப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. ஃபேன்ஸி ஸ்டோரில் விற்கும், தயாரித்தவர் பெயரே இல்லாத பொம்மை மேக்கப் செட்டை நான் என் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்ததில்லை. அதற்குப் பதில் அம்மாவின் நல்ல லிப்ஸ்டிக்கில் ஒரு நுனியைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துக் கொடுக்கலாம்.

இரண்டு வருடமாகப் புதிதாக வருவது சீரம் மோகம். போனில் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ரெட்டினால், கிளைகாலிக் அமிலம், வைட்டமின் சி என்று வரிசையாகப் பெயர் சொல்கிறார்கள். சுருக்கம் போக்கும் பொருளுக்குச் சுருக்கமே இல்லாத முகத்தில் என்ன வேலை? தோல் உரிந்து, எரிந்து, வெயில் தாங்காமல் போவதுதான் மிச்சம். ஸ்வீடனில் ஒரு பெரிய மருந்துக்கடைத் தொடர் 2024ல் இப்படிப்பட்ட வீரியமான பொருள்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பதில்லை என்று தானாகவே முடிவெடுத்தது. நானாக இருந்தால் ஐலைனரைவிட இதற்குத்தான் முதலில் கதவைச் சாத்துவேன். பரு உண்மையிலேயே தொந்தரவாக இருந்தால் காட்டி மருந்து வாங்குங்கள்.

"மேக்கப் போட்டால் சீக்கிரம் வயசுக்கு வந்துவிடுவாளாமே" என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இது உறுதியாகச் சொல்ல முடியாத இடம். வாசனைப் பொருள்களோடு வரும் தாலேட், கெடாமல் இருக்கப் போடும் பாரபென் ஆகியவை உடம்புக்குள் போகின்றன என்பது உண்மை. கலிஃபோர்னியாவில் 100 பதின்வயதுப் பெண்கள் மூன்று நாள் இவை இல்லாத பொருள்களுக்கு மாறியபோது, சிறுநீரில் ஒரு தாலேட்டின் அளவு கிட்டத்தட்ட 27 சதவீதமும் இரண்டு வகைப் பாரபென்களின் அளவு 40 சதவீதத்துக்கு மேலும் குறைந்தது. 2016ல் வந்த ஆய்வு. கர்ப்ப காலத்தில் தாயின் உடம்பில் சில தாலேட்டுகள் அதிகம் இருந்தால் மகள் கொஞ்சம் முன்னதாகப் பருவமடைகிறாள் என்று 2018ல் இன்னொன்று சொன்னது. ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்றால் மற்றது வருவது வேறு. உடல் எடை, உணவு, பரம்பரை என்று பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. லிப்ஸ்டிக் போட்டதால் ஒரு பெண் சீக்கிரம் பெரியவள் ஆனாள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதற்காகக் கெடுதலே இல்லை என்றும் நான் சத்தியம் செய்ய மாட்டேன். வாசனை குறைந்ததாக, தினமும் போடாததாக இருந்தால் போதும். அந்த மூன்று நாள் கணக்கில் ஓர் ஆறுதலும் இருக்கிறது, நிறுத்தினால் உடம்பு சீக்கிரமே வெளியேற்றிவிடுகிறது.

பள்ளி ஆண்டு விழாவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகளின் முதல் முழு மேக்கப் அங்கேதான். முப்பது பிள்ளைகள் வரிசையாக நிற்க, ஒரே பஞ்சில் பேன்கேக் என்கிற மேடைப் பூச்சு, ஒரே லிப்ஸ்டிக், ஒரே மைக் குச்சி. அடுத்த வாரம் என் கிளினிக்கில் வாயோரம் பொன் நிறப் பக்குக் கட்டிய பிள்ளைகள் இரண்டு மூன்று வரும். உதட்டில் கொப்புளம், கண் சிவப்பு எல்லாம் இப்படித் தொற்றும். உங்கள் மகளுக்கென்று ஒரு பஞ்சு, ஒரு லிப்ஸ்டிக், ஒரு மைப் பென்சில் ஒரு பையில் போட்டு, டீச்சரிடம், "இதையே போடுங்க மிஸ்" என்று கொடுத்தனுப்புங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் தூக்கக் கலக்கத்தில் அப்படியே படுக்க விடாதீர்கள். பஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு மென்மையான சோப்பால் இரண்டு முறை கழுவ வேண்டும். எண்ணெயை முகத்திலேயே விட்டால் பரு வரும். பரதம் ஆடும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம், அவர்கள் மாதம் ஒருமுறையாவது மேடை ஏறுகிறார்கள்.

சரி, உங்கள் மகளுக்கு என்ன செய்வது? நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன், இது விதி கிடையாது. 11 வயதில் லேசாக நிறம் உள்ள லிப் பாம் ஒன்று அவளுக்கென்று வாங்கிக் கொடுப்பேன். கல்யாணம், தீபாவளி, பொங்கல் என்றால் லிப்ஸ்டிக்கும் பென்சில் மையும். பள்ளிக்கு எதுவும் வேண்டாம், அதில் கணவரோடு நீங்கள் ஒத்துப் போகலாம். வாங்கும் நாளில் அவளையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டியில் தயாரித்தவர் முகவரி, உரிம எண், எந்த மாதம் வரை உபயோகிக்கலாம் என்பது இருக்கிறதா என்று அவளே படிக்கட்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண் இருக்க வேண்டும். திறந்த டப்பா மாதிரி ஒரு படம் போட்டு 12 என்றோ 6 என்றோ எழுதியிருக்கும், திறந்த பிறகு எத்தனை மாதம் என்று அர்த்தம். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரித்தால், தடித்தால் அது அவளுக்கு ஆகாது. தோழிகளோடு மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், குறிப்பாகக் கண்ணுக்குப் போடுவதை.

அடுத்த படிக்கு எப்போது போவது என்பதற்கு நான் பார்க்கிற அடையாளம், அவளாகக் கழுவுகிறாளா என்பது. கல்யாண வீட்டிலிருந்து பத்து மணிக்கு வந்தாலும் யாரும் சொல்லாமல் முகம் கழுவிவிட்டுப் படுக்கிற பிள்ளையிடம் ஐலைனரை நம்பிக் கொடுக்கலாம். என் மூத்தவள் அப்படிச் செய்யப் பதிமூன்று வயது முடிய வேண்டியிருந்தது, சின்னவள் பன்னிரண்டிலேயே செய்தாள். முகம் முழுக்கப் பூசும் ஃபவுண்டேஷன் பதினைந்து, பதினாறுக்கு அப்புறம் போதும் என்று நினைக்கிறேன், அந்த நடு வருடங்களில்தான் பரு உச்சத்தில் இருக்கும். புருவம் திருத்துவது, மீசை முடி எடுப்பது பற்றிக் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரம் வரும். பள்ளியில் யாராவது "மீசை" என்று கேலி செய்து பிள்ளை அழுதால், வயதைக் காட்டி மறுக்காதீர்கள். நூல் வைத்து எடுப்பதால் முடி தடித்து வளராது. சுத்தமான இடமாக, புது நூலாக இருந்தால் போதும்.

கடைசியாக உங்கள் கடைசி வரி. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, "பவுடர் போடாம கடைக்குக்கூடப் போக மாட்டா டாக்டர்" என்று அவள் அம்மா சொல்ல, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் ஒரு நிறம், தாடைக்குக் கீழே கழுத்து ஒரு நிறம், நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது. வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்னால் காலை ஐந்து மணிக்கே எழுந்து போட்டுக்கொள்வாளாம். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். மாமா கல்யாண வீடியோ பார்க்கும்போது யாரோ ஒரு சித்தி, "அக்கா நல்ல கலரு, இவதான் கொஞ்சம் கம்மி" என்று சிரித்தாராம். ஏழு வயதில் கேட்டது. ஏழு வருடம் அதை உள்ளே வைத்திருக்கிறாள். அவளுக்கு நான் எழுதிக் கொடுக்க மருந்து எதுவும் இல்லை. அம்மாவிடம் பேசினேன், பள்ளியில் ஆலோசகர் இருந்ததால் அங்கேயும் அனுப்பினேன். மனதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல நான் படித்தவள் இல்லை.

ஆகவே உங்கள் மகள் எதற்காகக் கேட்கிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அம்மா போடுகிறாள், தோழி போடுகிறாள், சிவப்பாக அழகாக இருக்கிறது என்றால் அது விளையாட்டு. வண்ணப் பென்சில் கேட்கிற மாதிரிதான். போட்டுப் பார்ப்பாள், அழிப்பாள், ஒரு வாரத்தில் மறப்பாள். எதையோ மறைக்கக் கேட்கிறாள், போடாமல் வெளியே வர மறுக்கிறாள் என்றால் அங்கே லிப்ஸ்டிக்கைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரிக்காமல், தலை பின்னிவிடும்போது கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் முகம் பார்க்காதபோது அதிகம் பேசும். "வெயில்ல விளையாடாத, கறுத்துருவ" என்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள், மாமியாரிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள். "மாநிறம்" என்பதை நீங்கள் எனக்கு ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்கள். ஒரு தோல் மருத்துவராக எனக்கு அது நல்ல நிறமி, நம் ஊர் வெயிலிலிருந்து காப்பது. சரி செய்ய அதில் ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. அவள் இப்போதே முகத்துக்கு ஏதாவது கிரீம் போடுகிறாளா, அல்லது வீட்டில் நீங்கள் போடுவதை எடுத்துக்கொள்கிறாளா? இன்று ராத்திரி குளியலறை அலமாரியில் பாருங்கள். ட்யூபின் பின்னால் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், குளோபீட்டாசால், புளூசினோலோன், ஹைட்ரோகுவினோன் என்று ஏதாவது இருந்தால், அல்லது டப்பாவில் எழுத்தே இல்லையென்றால், பெயரையும் எத்தனை நாளாக என்பதையும் இங்கே எழுதுங்கள். வெகு நாளாகப் போட்டிருந்தால் பக்கத்தில் இருக்கும் தோல் மருத்துவரிடம் அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு போங்கள், நிறுத்தும் முறையை அவர் சொல்வார்.